கைப்பிடிக்கு விடை கொடுத்தவர்

(இரண்டாம் ஆண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்)



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லிப் பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டார். விஸ்வேஸ்வரய்யா, எடிசன், அப்துல் கலாம் ஆகியோரைப் பற்றி நம் சீனியர்கள் நன்றாகவே எழுதிவிட்டார்கள். அதனால் நம்மில் பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒருவரை எடுத்துக்கொண்டேன். தினமும் சாவியைத் திருகி செல்ஃப் எடுக்கிறோமே, அந்த செல்ஃபைக் காருக்குள் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங்தான் அவர்.

இவரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் அப்பாவின் வலது கை.

அப்பா குன்னூரில் டிரைவர். எஸ்டேட்காரர் ஒருவரின் பழைய பெட்ரோல் அம்பாசிடரை இன்றைக்கும் அவர்தான் ஓட்டுகிறார். மார்கழி மாதக் காலையில் அந்த வண்டியைக் கிளப்புவது ஒரு கலை. சோக் குமிழை முழுசா வெளியே இழுப்பார். ஆக்ஸிலேட்டரில் காலை வைக்கமாட்டார். செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் அடிக்கமாட்டார். என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு எடுத்துக்கொண்டதும், சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் குமிழை அரை அரை அங்குலமாக உள்ளே தள்ளுவார். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

நான் பிறப்பதற்கு முன்னால், 1994ல், அப்பா ஒரு வண்டியில் கிளீனராக இருந்தார். ஒரு நாள் விடியற்காலையில் பேட்டரி இறங்கிப்போய் செல்ஃப் எடுக்கவில்லை. முன்னாடி பம்பர் ஓட்டை வழியாக ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். முதல் நாள் டைமிங் வைத்தவர் அட்வான்ஸாக வைத்துவிட்டிருக்கிறார். ஹேண்டில் திருப்பி அடித்தது. மணிக்கட்டு எலும்பு போனது. கட்டுப் போட்டும் சரியாகக் கூடவில்லை. இன்றைக்கும் அந்தக் கை முழுசாக மடங்காது.

முதலாம் ஆண்டில் வொர்க்ஷாப் சார் செல்ஃப் மோட்டாரைப் பிரித்துக் காட்டியபோது, இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டேன். அவர் சொன்ன பெயரை வைத்து லைப்ரரியில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

குளிர்ந்த என்ஜினும் மனிதனின் கையும்

கெட்டரிங்கின் கதைக்குப் போவதற்கு முன் அவருக்கு முந்தைய கார்களைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மற்ற பிரிவு நண்பர்களுக்காகச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன்.

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது சிலிண்டருக்குள் எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். சூடான என்ஜினில் எடையளவில் சுமார் 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் போதும். என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது கார்புரேட்டர் தருகிற பெட்ரோலில் கணிசமான பகுதி மேனிஃபோல்டின் சுவரிலேயே ஈரமாக ஒட்டிக்கொள்ளும். பிளக் அருகே போய்ச் சேரும் ஆவி பற்றாது. அதற்காக வந்ததுதான் சோக். கார்புரேட்டரின் வாயில் ஒரு தகட்டை மூடிக் காற்றைக் குறைத்தால் உள்ளே உறிஞ்சல் கூடி அதிகப் பெட்ரோல் வரும். அதில் ஒரு பகுதி ஆவியானாலும் என்ஜின் பிடித்துக்கொள்ளும். சூடானபின் தகட்டைத் திறக்க மறந்தால் பிளக் கறுத்துவிடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்குள் இறங்கும்.

சோக் கலவையைத்தான் சரிசெய்யும். என்ஜினைச் சுற்றிவிட வேறு பலம் வேண்டும். குளிரில் ஆயில் பாகு மாதிரி கெட்டியாகிவிடுவதால் சுற்றுவதும் கடினம். அந்தக் காலத்தில் அந்தப் பலம் மனிதனின் கைதான். டிரைவர் காரின் முன்னால் போய் நின்று இரும்பு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். அதற்கு முன் மறக்காமல் ஸ்பார்க் லீவரை ரிட்டார்டில் வைக்க வேண்டும். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பிஸ்டன் மேலே வந்து சேருமுன் ஸ்பார்க் விழுந்தால், வெடிப்பு பிஸ்டனை வந்த வழியே திருப்பித் தள்ளும். கிராங்க் ஷாஃப்ட் பின்பக்கம் சுழலும். ஹேண்டிலும் கூடவே சுழலும். அதைப் பிடித்திருக்கும் கை என்ன ஆகும்? கட்டை விரலால் ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற விரல்களோடு சேர்த்து வை, கீழே அழுத்தாதே, மேலே இழு என்று பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான்.

கார் இருந்தும் பெண்களும் வயதானவர்களும் அதைத் தனியாக எடுத்துப்போக முடியாமல் இருந்தது இதனால்தான். அன்று அமெரிக்காவில் மின்சாரக் கார்கள் விற்றதற்கும் இது ஒரு காரணம். பெட்ரோல் கார் செய்து உலகப் புகழ் பெற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவியே மின்சாரக் கார்தான் வைத்திருந்தார்.

விவசாயி வீட்டுப் பிள்ளை

சார்லஸ் கெட்டரிங் 1876 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லூடன்வில் என்ற ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலிருந்தே கண்பார்வை மோசம். படித்தால் தலைவலி வரும். அப்படியும் படிப்பை விடவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒரே அறை கொண்ட கிராமப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகச் சேர்ந்து சம்பாதித்தார்.

அதன்பிறகு ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் போனார். கண் ஒத்துழைக்கவில்லை. படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அந்த வயதில் படிப்பு பாதியில் நின்றால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அரியர் விழுந்தாலே வீட்டுக்குப் போன் பண்ணப் பயப்படுகிறோம்! அவர் ஒரு டெலிபோன் கம்பெனியின் லைன் வேலைக்குப் போனார். கம்பம் நட மண்வெட்டி எடுத்துக் குழி தோண்டினார். கம்பி இழுத்தார். வெயிலிலும் மழையிலும் வேலை செய்ததில் உடம்பு தேறியது. அந்த வேலையிலேயே மின்சாரத்தை விரல் நுனியில் கற்றுக்கொண்டு, ஆட்களை மேய்க்கும் ஃபோர்மேனாகவும் ஆனார்.

பிறகு மறுபடியும் கல்லூரிக்குப் போனார். 1904ல் மின் பொறியியல் பட்டம் வாங்கும்போது அவருக்கு வயது 27. கூடப் படித்தவர்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அதை அவர் குறையாக நினைத்ததாகத் தெரியவில்லை. கையில் வேலை தெரிந்துகொண்டு பாடம் படித்தவர் என்பதே பின்னால் அவருக்குப் பலமாக நின்றது.

கல்லாப் பெட்டி சொல்லிக்கொடுத்த பாடம்

படித்து முடித்ததும் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. கடைகளில் கல்லாவாக இருக்கும் கேஷ் ரெஜிஸ்டர் செய்யும் கம்பெனி அது. அந்தக் காலத்தில் அதற்கும் ஒரு கைப்பிடி உண்டு. ஒவ்வொரு பில்லுக்கும் அதைச் சுற்ற வேண்டும். அந்தக் கைப்பிடியை எடுத்துவிட்டு மோட்டார் வைக்கும் வேலையை கெட்டரிங்கிடம் கொடுத்தார்கள்.

இங்கேதான் அவர் ஒரு விஷயத்தைப் பிடித்தார். கல்லாவின் மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. ஒரு நொடி பலமாக இழுத்துவிட்டு ஓய்வெடுத்துக்கொள்ளலாம். தொடர்ந்து ஓடும் மோட்டாரில் சூடு ஏறிக்கொண்டே போகும். அந்தச் சூட்டைத் தாங்கும்படி மோட்டாரைப் பெரிதாகச் செய்தே ஆகணும். கொஞ்ச நேரம் மட்டும் ஓடினால், சின்ன மோட்டாருக்குள் அதன் அளவுக்கு மீறிய கரண்டைச் செலுத்தினாலும் எரிந்துபோகாது. சூடேறுமுன் வேலை முடிந்துவிடும். நம்ம எலக்ட்ரிகல் பாடத்தில் ஷார்ட் டைம் ரேட்டிங் என்று இரண்டு மார்க் கேள்வியாக வருகிறதே, அதே சங்கதிதான்.

இப்படிச் சின்ன மோட்டார் ஒன்றைக் கிளட்சோடு சேர்த்து மின்சாரக் கல்லாவைச் செய்துகாட்டினார்.

மாட்டுக் கொட்டகை மாதிரி ஒரு லேப்

அதே கம்பெனியில் மேல் பதவியில் இருந்த எட்வர்ட் டீட்ஸ் என்பவருக்குக் கார்மேல் ஆசை. அவர் வீட்டின் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. பகலெல்லாம் கம்பெனி வேலை, ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் கொட்டகை வேலை என்று கெட்டரிங்கும் சில நண்பர்களும் அங்கே கூடினார்கள். முதலில் காருக்கு நல்ல இக்னிஷன் செய்தார்கள். கேடிலாக் கார் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்ட் அதை வாங்க ஒப்புக்கொண்டார். 1909ல் டெல்கோ என்ற கம்பெனி பிறந்தது.

அடுத்து லேலண்ட் ஹேண்டில் பிரச்சினையைக் கொண்டுவந்தார். பைரன் கார்ட்டர் என்ற கார் தயாரிப்பாளர் லேலண்டுக்கு நண்பர். குளிரில் நின்றுபோன வேறு ஒருவரின் காருக்கு ஹேண்டில் போட்டு உதவப் போனபோது அது திருப்பி அடித்துத் தாடை உடைந்து, அதன் பின்விளைவாக அவர் இறந்தார் என்று பல நூல்கள் சொல்கின்றன. கார்ட்டர் 1908ல் இறந்தார் என்பது நிச்சயம். இறந்த விதத்தைப் பற்றிய விவரங்களைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஏற்பதில்லை. அது எப்படியிருந்தாலும், அன்றைக்கு ஹேண்டிலால் கை உடைந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் வராது.

செல்ஃப் செய்யப் பலரும் முயன்று பார்த்திருந்தார்கள். அழுத்தக் காற்று, அசிட்டிலின் வாயு, ஸ்பிரிங் என்று எதுவும் நம்பகமாக அமையவில்லை. மின்சார மோட்டார் சரிப்படாது என்று அறிந்தவர்களே சொன்னார்கள். அவர்கள் கணக்கில் பிழை இல்லை. என்ஜினைச் சுற்றத் தேவையான பலத்தை எடுத்து, அந்தப் பலத்தோடு தொடர்ந்து ஓடும் மோட்டாரைக் கணக்கிட்டால், அது என்ஜின் அளவுக்கு வந்துவிடும். அதற்கு வேண்டிய பேட்டரியைக் காரில் ஏற்றினால் மனிதன் உட்கார இடமிருக்காது. ஆனால் செல்ஃப் மோட்டார் எதற்காகத் தொடர்ந்து ஓட வேண்டும்? சில விநாடி போதுமே! கல்லாப் பெட்டியில் கற்ற பாடம் கெட்டரிங்குக்கு இங்கே கைகொடுத்தது.

சின்ன மோட்டார், வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டப் பல்சக்கரங்கள், என்ஜின் பிடித்துக்கொண்டதும் மோட்டாரை இழுத்துச் செல்லாமல் இருக்க ஒரு கிளட்ச் என்று அமைத்தார். இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தார். என்ஜின் ஓட ஆரம்பித்தபின் அதே மோட்டாரை என்ஜின் சுற்றும், அது டைனமோவாகி பேட்டரியைச் சார்ஜ் பண்ணும். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரிகள் தொடரிணைப்பில் 24 வோல்ட், சார்ஜ் ஆகும்போதும் விளக்கு எரியும்போதும் 6 வோல்ட். செல்ஃப், இக்னிஷன், விளக்கு மூன்றும் ஒரே ஏற்பாட்டில் அடங்கின.

1911 பிப்ரவரியில் அது ஒரு கேடிலாக் காரில் வேலை செய்தது. 1912 மாடல் கேடிலாக் கார்களில் செல்ஃப் வந்தது. அதற்காக அந்தக் கம்பெனிக்கு இங்கிலாந்தின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் டீவர் கோப்பை வழங்கியது. கெட்டரிங்குக்கு 1915ல் காப்புரிமை கிடைத்தது. ஃபோர்டின் மாடல் டி காரில் 1919ல்தான் செல்ஃப் கிடைக்க ஆரம்பித்தது. மின்சாரக் கார்களின் விற்பனை படுத்தது. பெண்கள் தாங்களே உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

சோக் மட்டும் டிரைவர் கையிலேயே இருந்தது. 1930களில் அதையும் தானியங்கியாக்கினார்கள். இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டிய சுருள் ஒன்று குளிரில் சுருங்கித் தகட்டை மூடும், சூட்டில் விரிந்து திறக்கும். எங்கப்பா காதால் கேட்டுச் செய்கிற வேலையை அந்தச் சுருள் சூட்டை வைத்துச் செய்கிறது.

வெற்றியும் தோல்வியும்

டெல்கோ கைமாறி ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்தது. 1920 முதல் 1947 வரை அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு கெட்டரிங் தலைவர். தண்ணீர் இல்லாமல், தாமிரத் தகடுகள் வழியாகக் காற்றாலேயே குளிரும் என்ஜினைச் செய்ய ரொம்ப ஆசைப்பட்டார். குளிர்காலத்தில் ரேடியேட்டர் உறையும் தொல்லை ஒழியும் என்பது கணக்கு. 1923ல் விற்பனைக்கு வந்த அந்தக் கார்கள் சூடாகிப் பலம் இழந்தன. கம்பெனி அத்தனையையும் திரும்பப் பெற்றது. மனம் நொந்து வேலையை விட்டுவிடுவதாகவும் எழுதினார். கம்பெனி அவரை விடவில்லை. பின்னால் அவர் உருவாக்கிய டூ ஸ்ட்ரோக் டீசல் என்ஜின்தான் அமெரிக்க ரயில்களில் நீராவியை ஓரங்கட்டியது.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் வழக்கமான பெரிய மனிதர் கதையாக இருந்திருக்கும். எனக்கும் அப்படி முடிக்கத்தான் ஆசை. ஆனால் படிக்கப் படிக்க இன்னொரு பக்கமும் வந்தது. அதை மறைத்தால் இதை எழுதியதில் அர்த்தமில்லை.

ஈயம்

என்ஜினில் நாக்கிங் என்று ஒரு வியாதி. கலவை முறைப்படி எரியாமல் தானாக வெடித்து டக் டக் என்று தட்டும். அதற்குத் தன்னுடைய இக்னிஷனையே சிலர் குறை சொன்னதால் கெட்டரிங் காரணம் தேடக் கிளம்பினார். குற்றம் எரிபொருளில் இருக்கிறது என்று அவர் குழு கண்டது. அவருக்குக் கீழே வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி எத்தனையோ பொருட்களைக் கலந்து பார்த்தார். 1921 டிசம்பர் 9 அன்று டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயச் சேர்மம் நாக்கிங்கை நிறுத்தியது. ஒரு காலனுக்குச் சில மில்லிலிட்டர் போதும். 1923ல் டேட்டனிலேயே அந்தப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924ல் அதற்கென்று எத்தில் என்ற கம்பெனி தொடங்கியபோது தலைவராக இருந்தவர் கெட்டரிங்தான். பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஈயம் விஷம் என்பது அன்றைக்குப் புதிய செய்தி இல்லை. மிட்ஜ்லிக்கே அந்த விஷம் ஏறி ஓய்வெடுக்கப் போக நேர்ந்தது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் 5 தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தார்கள். டேட்டனிலும் வேறு ஆலையிலும் சாவு விழுந்தது. 1925 மே மாதம் அரசு கூட்டிய மாநாட்டில் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் போன்றவர்கள் எச்சரித்தார்கள். கெட்டரிங் அங்கே ஈயப் பெட்ரோலின் பக்கம் நின்று பேசினார். ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்று அவர் குழுவுக்கே தெரியும். ஆல்கஹாலுக்குக் காப்புரிமை வாங்க முடியாது. ஈயத்துக்கு முடியும். 1926ல் விற்பனை மறுபடியும் தொடங்கியது.

பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கக் கார்ப்புகையில் ஈயம் வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும் என்பது பின்னர் நிரூபணமானது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000ல் நின்றது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியாவில் 2021ல் நின்றது.

கெட்டரிங் அதைப் பார்க்கவில்லை. 1958 நவம்பர் 25 அன்று டேட்டனில் இறந்தார். 1945ல் அவர் பெயரும் ஆல்ஃபிரட் ஸ்லோன் பெயரும் சேர்ந்து நியூயார்க்கில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்தது. படிப்பும் தொழிற்சாலை வேலையும் மாறி மாறி நடக்கணும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர் அவர். அந்த முறையில் பாடம் நடத்தும் ஃப்ளின்ட் நகரப் பொறியியல் கல்லூரிக்கு 1998ல் அவர் பெயரையே வைத்தார்கள். பாலிடெக்னிக் மாணவர்களான நமக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான்.

அப்பாவிடம் சொன்னபோது

தீபாவளி லீவில் ஊருக்குப் போயிருந்தேன். காலையில் அப்பா வண்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொன்னேன். செல்ஃப் வந்த கதையைக் கேட்டுக்கொண்டே மடங்காத தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். அவருக்கு ரொம்பப் பெருமை, அந்த வெள்ளைக்காரரைத் தனக்கே தெரியும் என்பதுபோல.

பிறகு ஈயத்தைச் சொன்னேன். எந்த வருஷம் வரைக்கும் நம்ம ஊர்ப் பெட்ரோலில் அது இருந்தது என்று கேட்டார். 2000 வரை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. கிளீனராக இருந்த காலத்தில் டியூபை வாயில் வைத்து உறிஞ்சித்தான் டேங்கிலிருந்து பெட்ரோல் எடுப்பார்களாம். எத்தனையோ தடவை வாய்க்குள் போயிருக்கிறதாம். கிரீஸ் கையைக் கழுவுவதும் பெட்ரோலில்தானாம். விஷம் என்று யாரும் சொல்லவில்லையே என்றார். பெட்ரோல் போட்டுக் கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் 1925லேயே தெரிந்தவர்கள் இருந்தார்கள். எனக்கு அப்பாவிடம் சொல்லப் பதில் இல்லை.

நண்பர்களே, ஒரே மனிதரின் மூளைதான் என் அப்பா மாதிரி ஆட்களின் கையைக் காப்பாற்றும் வழியையும் கண்டது, அவர்கள் வாய்க்குள் விஷம் போகும் வழியையும் திறந்துவிட்டது. செல்ஃபைச் செய்தபோது அவர் கண்முன் ஹேண்டில் போடுகிற மனிதன் இருந்தான். ஈயத்தைக் கலந்தபோது அந்த மனிதன் கணக்கில் இல்லை. நாக்கிங் நின்றதா, காப்புரிமை கிடைத்ததா என்பதோடு கணக்கு முடிந்துவிட்டது. நமக்குத் திறமை அவர் அளவு வருமோ வராதோ தெரியாது. ஆனால் நாளைக்கு ஒரு கம்பெனியில் சூபர்வைசராக நிற்கும்போது, இந்தப் பொருளைத் தொடப்போவது யார், முகரப்போவது யார், அவர்களிடம் சொல்லிவிட்டோமா என்று கேட்பது நம் கையில் இருக்கிறது. டிப்ளமோக்காரன்தான் மெஷினுக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நிற்பவன். வேறு யாரும் கேட்கவில்லையென்றாலும் நாம் கேட்கணும்.

அன்று அப்பா சோக்கை உள்ளே தள்ளிவிட்டு வண்டியை எடுத்தார். நான் கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். செமஸ்டர் முடிந்து அடுத்த லீவுக்குப் போகும்போது இந்த மலரை அவருக்குப் படித்துக் காட்டுவேன்.